மூன்று முறை அழைத்தும்

குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாவது மாடியில் பெயர் கூப்பிடுகிற டவாலிக்கு 'மைக்கு' என்று பட்டம் கட்டியது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் ஏன் கட்டினார்கள் என்று கேட்கவே வேண்டாம். அவர் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் கீழே ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பதினெட்டு வருஷமாக அதே வாசல், அதே வெள்ளைச் சட்டை, தோளில் அதே சிவப்புப் பட்டை.

அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கூப்பிடுகிறவள். பகல் முழுக்க ஊரார் பெயரைக் கத்திக் கத்தி அலுத்துப்போனதாலோ என்னவோ, வீட்டில் இருவரும் 'ஏங்க', 'இந்தா பாரு' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். யாருக்கும் குறை இல்லை.

கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. கேஸ் நம்பரையும் பெயரையும் மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவை கூடத்து வாசலில். இரண்டாவது படிக்கட்டு தொடங்கும் இடத்தில். மூன்றாவது, நடையின் கடைசியில் தண்ணீர் டிரம் இருக்கும் மூலைக்குப் போய். வந்தவர்கள் எல்லாரும் வாசலிலேயே கைகட்டி நிற்க முடியுமா? ஒருத்தர் கழிவறைக்குப் போயிருப்பார், ஒருத்தி பிள்ளைக்கு மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டிருப்பாள், ஒருவர் வக்கீலைத் தேடி மாடி மாடியாக ஏறிக்கொண்டிருப்பார். அவர்களுக்காகத்தான் அந்த மூன்று. மூன்றுக்கும் ஆள் வராவிட்டால் மைக்கு உள்ளே வந்து தலையை இடவலமாக ஆட்டுவார். உடனே பெஞ்ச் கிளார்க் அம்மாள் தினப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்: 'மூன்று முறை அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை. வராமையால் தள்ளுபடி.' எழுதி எழுதிக் கை பழகிப்போன வரி. பேனா தானாகவே ஓடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டியலில் தொண்ணூற்றாறு கேஸ்கள். நான்கு வேலை நாளாக மைக்குக்குத் தொண்டை கட்டியிருந்தது. எச்சில் விழுங்கினாலே முள் குத்தியது. 'ஒரு வாரத்துக்குப் பேசாதீங்க' என்றார் டாக்டர். 'பேச மாட்டேன் டாக்டர், கத்த மட்டும் செய்வேன்' என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்திருந்தார். போதாததற்கு நடையில் பழைய தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல் அறுக்கிற இயந்திரம் அரை மணிக்கு ஒரு தடவை கீச்சென்று கிளம்பும், கிளம்பினால் லேசில் அடங்காது.

நாற்பத்தொன்றாவது கேஸ் வந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கு வாசலில் நின்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அதுவும் பாதிக் குரலில். படிக்கட்டுப் பக்கம் போகவில்லை, டிரம் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. உள்ளே வந்து தலையை ஆட்டினார். பேனா ஓடியது. அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தார்கள். அந்த நிமிஷத்தில் அவருக்கு அது தப்பு என்றுகூடத் தோன்றவில்லை. தொண்டைக்கு ஒரு மிச்சம், அவ்வளவுதான்.

மாலை ஐந்து மணிக்கு டைல்ஸ்காரர்கள் கை கால் கழுவிக்கொண்டு போனார்கள். மைக்கு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே நடையின் கடைசிக்கு வந்தார். டிரம் பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதன் மேல் ஒரு கோப்பு, கோப்பின் மேல் இரண்டு கையும். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"சார், என் கேஸ் இன்னும் வரலையா?"

"எத்தனை மணிக்கு வந்தீங்கம்மா?"

"ஒன்பதே முக்காலுக்கு. வாசல்கிட்ட இடம் இல்ல, அதான் இங்க வந்து உட்கார்ந்தேன். வக்கீலம்மா வேற கோர்ட்டுல இருக்காங்க. 'உட்காருங்க, கூப்பிடுவாங்க, கூப்பிட்டா உள்ள போய் நில்லுங்க'ன்னு சொன்னாங்க. சாப்பிடக்கூடப் போகல. போன நேரத்துல கூப்பிட்டுட்டா?"

அவள் நீட்டிய சீட்டில் இருந்தது அந்த நாற்பத்தொன்றாவது கேஸின் நம்பர். தெரிந்திருந்தும், தெரியாதவர் போல உள்ளே போனார். பெஞ்ச் கிளார்க் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் பதிவேடு திறந்தே கிடந்தது. நாற்பத்தொன்றுக்கு எதிரே அந்த வரி, நேர்த்தியான கையெழுத்தில்.

வெளியே வந்து சொன்னார். "கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சும்மா."

அவள் அழவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது காதை அவர் பக்கம் திருப்பி, "என்ன சொன்னீங்க?" என்றாள். அவர் மறுபடியும் சொன்னார். அவள் மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்போ நான் லாயக்கில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்களா? ஒரு கேள்விகூடக் கேக்கலையே சார் என்னை."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியே வந்தது. பெரிய ஹோட்டல் ஒன்றின் லாண்டரியில் பதினைந்து வருஷமாக வேலை. தங்கையும் தங்கை புருஷனும் போன வருஷம் ஒரே விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய ஒன்பது வயதுப் பெண் இப்போது இவளிடம். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும், 'நீங்க யாரு, பாதுகாவலர்னு கோர்ட்டுப் பேப்பர் இருக்கா' என்கிறார்கள். அதற்காகத்தான் இந்த மனு. குழந்தையின் பெரியப்பா எதிர்மனு போட்டிருக்கிறார்: குழந்தை எங்களிடம் வளரட்டும், இவள் ஷிப்டுக்குப் போய்விட்டால் யார் பார்ப்பார்கள் என்று.

"தப்பு என்னோடதுதான்" என்றாள் கடைசியில். "மெஷின் சத்தத்துல வேலை செஞ்சு செஞ்சு வலது காது மந்தமாப் போச்சு. நீங்க கூப்பிட்டிருப்பீங்க. எனக்குத்தான் கேட்கல."

அவர் அங்கேயே ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆளே தன் கையால் கதவைத் திறந்துவிட்டு, போங்கள் என்கிறாள். மைக்கு பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். பதினெட்டு வருஷத்தில் அந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. தள்ளுபடியில ரெண்டு ஜாதி இருக்கு. எல்லாத்தையும் விசாரிச்சு, உங்க பக்கம் நியாயம் இல்லைன்னு தள்ளுறது ஒண்ணு. ஆள் வரலைன்னு தள்ளுறது இன்னொண்ணு. உங்களது ரெண்டாவது. 'வராமையால் தள்ளுபடி'. நீங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு அதுல ஒரு எழுத்துகூட இல்ல. முப்பது நாளுக்குள்ள, கேஸை மறுபடியும் கோப்புல எடுங்கன்னு ஒரு மனு போட்டா, விட்ட இடத்துலேருந்து தொடங்கும்."

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதியிருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பட்டியலில் தன் நம்பருக்கு எதிரே என்ன போட்டிருந்ததோ அதை எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதி வைத்திருந்தாள். அர்த்தம் கேட்க ஆள் இல்லை.

"இது என்ன சார்? 'எதிர்மனுதாரருக்குச் சார்பு ஆகவில்லை'. ரெண்டு தடவை இதையே போட்டிருந்தாங்க. ஜட்ஜு ஐயா அவங்க பக்கம் சாயலைன்னு நினைச்சு, அன்னிக்குப் பாப்பாவுக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுத்தேன்."

மைக்கு சிரித்துவிட்டார். தொண்டை வலித்தது. "சார்புன்னா அந்தச் சார்பு இல்லம்மா. கோர்ட்டு நோட்டீஸ் அவர் கையில போய்ச் சேரலைன்னு அர்த்தம். வீடு பூட்டியிருக்கும், இல்ல கதவு நம்பர் தப்பா இருக்கும்."

"இது? 'எக்ஸ்பார்ட்டி'. பக்கத்து கேஸ்ல போட்டிருந்துச்சு. கட்சி மாறினவங்க போலன்னு நினைச்சேன்."

"ஒரு பக்கத்து ஆள் வரவே இல்லைன்னா, வந்தவங்களை மட்டும் வச்சு விசாரிக்கிறது. ஒருதலைன்னு தமிழ்ல சொல்லுவாங்க."

"'நிலுவை'?"

"இன்னும் முடியல, உயிரோட இருக்குன்னு அர்த்தம். பட்டியல்ல பார்க்கிறதுக்கு அதைவிட நல்ல வார்த்தை இல்ல."

'உத்தரவுக்காக', 'எதிருரைக்காக', 'சமரசத்துக்கு அனுப்பப்பட்டது'. அவள் கேட்கக் கேட்க அவர் சொன்னார். அவள் ஒவ்வொன்றின் எதிரிலும் குட்டிக் குட்டியாக எழுதிக்கொண்டாள். எல்லாம் எழுதி முடித்து நோட்டை மூடியபின் கேட்டாள்: "எல்லாம் சரி சார். வரலைன்னுதானே எழுதியிருக்காங்க. நான் வந்தேனே?"

மைக்கு எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். அது ஏற்கெனவே சாத்தியிருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க டோக்கன்ல ஆள் வரலைன்னா நான் எழுந்து போய்ப் பார்ப்பேன்" என்றாள். "பாதிப் பேர் சுவத்துல சாய்ஞ்சு தூங்கிட்டிருப்பாங்க. உடம்பு முடியாதவங்கதானே வந்திருக்காங்க, அவங்க நம்மைத் தேடி ஓடி வருவாங்களா?"

"எனக்குத் தொண்டை வலி."

"அதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தம்மாகிட்டயா தள்ளுபடி பண்ணினேன், என்கிட்டயா?" அவசரத்தில் யார் யாரைத் தள்ளுபடி செய்தது என்று அவளுக்கே குழம்பிப்போனது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது அந்தப் பெண்ணிடம் என்று அவள் சொல்ல வந்தது அவருக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் கூடம் திறந்ததும் பெஞ்ச் கிளார்க்கிடம் சொன்னார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது அவருக்கு.

"மைக்கு, சும்மா இரு. அந்தம்மா மனு போடுவாங்க. 'அன்று கடும் காய்ச்சல்'னு எழுதுவாங்க. எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க. இந்தக் கோர்ட்டுல காய்ச்சல் வராத மனுதாரர் கிடையாது. ஐயா அனுமதிச்சுடுவார். நீ நடுவுல போய் நின்னு, நான் கூப்பிடலைன்னு சொன்னா, உனக்கும் மெமோ, எழுதின எனக்கும் மெமோ. எதுக்கு?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மைக்கு ஒரு வாரம் சும்மா இருந்தார். தொண்டை சரியானது. மனசு சரியாகவில்லை. அந்த ஒரு வாரமும் ஒவ்வொரு கேஸுக்கும் தண்ணீர் டிரம் வரைக்கும் நடந்தார். நடந்த நடையில் செருப்பின் வார் அறுந்தது.

எட்டாம் நாள் படிக்கட்டுக்கு அடியில் வக்கீல் குமாஸ்தாக்கள் மேஜை போட்டிருக்கும் இடத்தில் அவளைப் பார்த்தார். அவளுடைய வக்கீல் இலவச சட்ட உதவியில் வந்த சின்ன வயதுப் பெண். கெட்டிக்காரி, ஆனால் ஒரே நேரத்தில் நான்கு கோர்ட்டில் இருக்க வேண்டியவள். மனு எழுதுகிற வேலை அவளுடைய குமாஸ்தாவுடையது. அவர் டைப் அடித்த தாளை நீட்டிக்கொண்டிருந்தார். லாண்டரிக்காரம்மா பேனாவை வாங்க மறுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே சார். நான் வந்திருந்தேன்."

"அம்மா, இது ஒரு சம்பிரதாயம்."

"கீழே 'உண்மை என்று உறுதி கூறுகிறேன்'னு போட்டிருக்கே. அது சம்பிரதாயம் இல்லையா?"

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். கெட்ட மனுஷன் இல்லை, அலுத்துப்போன மனுஷன். "சரி, வந்திருந்தேன்னே எழுதுறேன். அப்போ ஏன் பதில் சொல்லலைன்னு எதிர்ப்பக்கம் கேப்பாங்க. பதிவேட்டுல மூணு தடவை கூப்பிட்டதா இருக்கு. காது கேட்கலைன்னு எழுதவா? எழுதுறேன். அடுத்த வாய்தாவுல அவங்க வக்கீல் எழுந்திருச்சு, மூணு தடவை கூப்பிட்டும் காது கேட்காதவங்க ராத்திரி பிள்ளை கூப்பிட்டா எப்படி எழுந்திருப்பாங்கன்னு கேப்பார். அப்போ உங்க மனுவே ஆட்டம் கண்டுடும். காய்ச்சல்னா யாருக்கும் நஷ்டம் இல்ல. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் தாளை மறுபடியும் பார்த்தாள். பேனாவுக்குக் கை நீண்டது. பாதியில் நின்றது. மறுபடியும் நீண்டது.

மைக்கு கடைசி இரண்டு படிகளையும் ஒரே எட்டில் இறங்கினார்.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க" என்றார். "ஒரு தடவைதான் கூப்பிட்டாங்கன்னு எழுதுங்க. வாசல்லயே நின்னு, மெதுவா, கல்லு அறுக்கிற சத்தத்துல. நல்லாக் காது கேக்கிறவங்களுக்கும் கேட்டிருக்காது."

குமாஸ்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதை யார் சொல்றது கோர்ட்டுல?"

"நான்தான்."

லாண்டரிக்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது, ஆனால் சத்தமில்லாமல். "எட்டு நாளா என் காதைத் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். "சொல்லியிருக்கலாமே அண்ணே."

அந்த 'அண்ணே' அவரைக் குத்தியது போல மெமோகூடக் குத்தியிருக்காது.

மேலே போனவர் முதல் வேலையாக பெஞ்ச் கிளார்க்கிடம் அனுமதி கேட்டு, தொண்டை கட்டியிருந்த அந்த நான்கு நாள் பதிவேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்தெந்தக் கேஸுக்கு டிரம் வரை போனோம், எதற்குப் போகவில்லை என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தார். அம்மாள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அரை மணி கழித்து நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "வியாழக்கிழமை அந்த ஜீவனாம்ச கேஸ், அதுக்கும் நீ சீக்கிரமே வந்துட்டே. அப்பவே நினைச்சேன்" என்றார்.

மனு பட்டியலுக்கு வந்த நாளில் மைக்கு வாசலில் நின்று அந்த நம்பரைக் கூப்பிட்டார். ஆள் அவர் முழங்கைப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "இருக்கேன் அண்ணே" என்றாள் மெல்ல. அப்படியும் படிக்கட்டுப் பக்கம் போய் ஒன்று, டிரம் பக்கம் போய் ஒன்று என்று முழுசாக முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். எதிர்ப்பக்கத்து ஆட்களும் வர வேண்டுமே.

பெரியப்பா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். லாரி பட்டறை வைத்திருப்பவர். நகத்தடியில் கிரீஸ், அதற்குப் பொருந்தாத புதுச் சட்டை. அவருடைய வக்கீல் எழுந்து, "மனுதாரருக்கு வழக்கில் அக்கறை இல்லை என்பதற்குப் பதிவேடே சாட்சி. மூன்று முறை அழைத்தும் வரவில்லை. இப்போது வந்திருந்ததாகச் சொல்கிறார்" என்றார்.

நீதிபதி பதிவேட்டைத் திருப்பினார். ஒல்லியான மனிதர், தலை நிமிர்வது அபூர்வம். "பதிவேட்டில் அப்படித்தானே இருக்கிறது" என்றார்.

"ஐயா, ஒரு வார்த்தை."

குரல் வாசலிலிருந்து வந்தது. டவாலி கூடத்துக்குள் பேசுவது என்பது சுவர்க் கடிகாரம் பேசுவது போல. வக்கீல்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஊரையே எழுப்புகிற அந்தக் குரல் அன்று பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் அதிகம் என்ற அளவில்தான் வந்தது. ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு தடவைதான் கூப்பிட்டேன். சத்தம் இருந்தது. தொண்டை வலி இருந்தது, ஆனால் அது காரணம் ஆகாது. இந்த அம்மா காலை ஒன்பதே முக்காலிலிருந்து மாலை ஐந்து வரை தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் போயிருந்தால் என் கண்ணிலேயே பட்டிருப்பார்.

நீதிபதி பெஞ்ச் கிளார்க்கைப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து நின்றார். "அவர் தலையாட்டினால் நான் அந்த வரியை எழுதிவிடுவேன் ஐயா. எத்தனை தடவை கூப்பிட்டார் என்று கேட்டு எழுதவில்லை. அது என் தவறு."

மைக்கு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "இன்னும் மூணு நம்பர் இருக்குங்க ஐயா. அதே நாலு நாள்ல. அவங்களும் வந்திருந்தாங்களான்னு தெரியல. ஆனா நான் சரியாக் கூப்பிடல."

நீதிபதி சீட்டை வாங்கிப் படித்தார். மடித்தார். பிறகு தலையை நிமிர்த்தி, மைக்கைப் பார்த்து, "எழுத்து மூலமாக விளக்கம் கொடுங்கள்" என்றார். பார்வையில் கடுமை இருந்தது, ஆனால் குரலில் அவ்வளவு இல்லை. அடுத்து உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். மனு மீண்டும் கோப்பில் எடுக்கப்படுகிறது. அன்றைய தேதியில் மனுதாரர் நீதிமன்றத்தில் இருந்தார் என்று பதிவு செய்யப்படுகிறது. சீட்டில் கண்ட மூன்று வழக்குகளின் தரப்பினருக்கும் புதிதாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

லாண்டரிக்காரம்மா தன் வக்கீலிடம் ஏதோ கிசுகிசுத்தாள். வக்கீலம்மா சிரித்தபடி எழுந்து, "மனுதாரர் இருந்தார் என்கிற அந்த வரிக்கு நகல் வேண்டுமாம் ஐயா" என்றாள்.

"மனு போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி. அவர் உதடு ஓரத்தில் கொஞ்சம் அசைந்ததாக முன்வரிசைக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

நடையில் பெரியப்பா அவளுக்காகக் காத்திருந்தார். இரண்டு பேருக்கும் நேரடியாக ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால், குழந்தை கூப்பிடுகிற முறையிலேயே பேசிக்கொண்டார்கள்.

"பெரியம்மா, நிஜமாவே காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தீங்களா?"

"ஆமா பெரியப்பா."

"சாப்பிடாம?"

"ஆமா."

அவர் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அன்னிக்கு எங்க வக்கீல் போன் பண்ணி, அந்தப் பக்கம் யாரும் வரல, கேஸ் போச்சுன்னார். எனக்குச் சந்தோஷமா இருக்கணும்ல? இல்ல. அந்தப் பொண்ணுக்காக வர ஒருத்தர்கூட இல்லையான்னுதான் தோணுச்சு. தம்பி போன நாள்லேருந்து எனக்கு இது ஒண்ணுதான் பயம். நீங்க ஷிப்டுக்குப் போனா அது தனியா இருக்குமேன்னு."

"காலை ஷிப்டு மட்டும்தான் பார்க்கிறேன். அது பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்கு முன்னாடி நான் வந்துடுவேன். சனிக்கிழமை மட்டும்தான் இடிக்குது. வாரம் தப்பாம ஓவர்டைம் போட்டுடறாங்க."

"சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வரட்டுமே" என்றார் அவர், யோசிக்காமலே.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த புது வாட்ச்மேன், "பெரியப்பா பெரியம்மான்னு இவ்வளவு மரியாதையாப் பேசிக்கிறாங்க, இவங்களுக்கு எதுக்கு விவாகரத்து?" என்று மைக்கிடம் வருத்தப்பட்டான். மைக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போய் விளக்கினார்.

மெமோ வந்தது. மைக்கு உள்ளது உள்ளபடி விளக்கம் எழுதிக் கொடுத்தார். பணிப் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை ஏறியது. பதினெட்டு வருஷத்தில் முதல் கறுப்புப் புள்ளி. மனைவி அதைப் படித்துவிட்டு, "இனிமே உங்களுக்குத் தலைக்கனம் வராது" என்றாள். புது நோட்டீஸ் போன மூன்று பேரில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஊர் மாறிப் போய்விட்டாராம்; அவருக்குச் சார்பு ஆகவில்லை. அவருடைய புது விலாசத்தைத் தேடி எடுக்க பெஞ்ச் கிளார்க் தன் மதிய இடைவேளைகள் இரண்டைச் செலவழித்தார்.

அந்த அம்மாளும் மைக்கும் சேர்ந்து இன்னொரு வேலையும் செய்தார்கள். பட்டியல் ஒட்டுகிற பலகையின் கீழே ஒரு பெரிய தாளை ஒட்டினார்கள். நிலுவை, சார்பு ஆகவில்லை, ஒருதலை, வராமையால் தள்ளுபடி என்று பதினாறு சொற்கள்; ஒவ்வொன்றுக்கும் எதிரே, சாதாரண மனிதர் பேசுகிற தமிழில் ஒரு வரி. வராமையால் தள்ளுபடிக்கு எதிரே, 'பயப்பட வேண்டாம், முப்பது நாளுக்குள் வாருங்கள்' என்று இருந்தது. சட்டப்படி பார்த்தால் அதில் குறை உண்டு என்று ஒரு மூத்த வக்கீல் முணுமுணுத்தார். முதல் வாரமே யாரோ பாதியைக் கிழித்துக்கொண்டு போனார்கள். 'கிழிச்சவனுக்கும் கேஸ் இருக்கும் போல, வீட்டுல வச்சுப் படிக்கட்டும்' என்று சொல்லி அம்மாள் இன்னொன்று எழுதினார்.

கேஸ் அதற்கப்புறம் மூன்று வாய்தா ஓடியது. ஒன்று சமரசத்துக்கு, ஒன்று குழந்தையை நீதிபதி தன் அறையில் தனியாகப் பார்த்துப் பேச, ஒன்று உத்தரவுக்காக. பெரியப்பா எதிர்மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சனிக்கிழமைகளும் பள்ளி விடுமுறையில் பாதியும் அவர் வீட்டில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மனு அனுமதிக்கப்பட்டது.

உத்தரவு நகல் வாங்க வந்த அன்று லாண்டரிக்காரம்மா குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பள்ளிச் சீருடையில் வந்த அந்தப் பெண், நகல் பிரிவு ஜன்னலில் தாளை வாங்கியதும் பெரியம்மாவைப் படிக்க விடவில்லை. தானே வாங்கி, சுவரோரம் நின்று, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மைக்கு மதிய இடைவேளையில் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். 'பாதுகாவலராக நியமிக்கப்படுகிறார்' என்ற இடத்தில் அவள் நிமிர்ந்து பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே படித்தாள். கடைசியில் முகத்தைச் சுளித்தாள்.

"பெரியம்மா, இதுல தப்பு இருக்கு. நான் பதினேழாம் தேதி பொறந்தேன். இருபத்தேழுன்னு போட்டிருக்காங்க."

பெரியம்மாவுக்கு முகம் வெளுத்தது. "அய்யோ, மறுபடியும் முதல்லேருந்தா அண்ணே?"

"அதெல்லாம் இல்ல. இது எழுத்துப் பிழை" என்றார் மைக்கு. "இதுக்குப் பேரு திருத்தம். ஒரு சின்ன மனு, அவ்வளவுதான். எந்த வரியில இருக்கு பாப்பா?"

"ரெண்டாம் பக்கம், நாலாவது பாராவுல, மூணாவது வரி" என்றாள் குழந்தை, வக்கீல் மாதிரி.

மேலே பெஞ்ச் கிளார்க் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு வழக்கின் மூலக் கோப்பை எடுத்தார். பிறப்புச் சான்றிதழில் பதினேழு. டைப் அடித்தவர் விரல் பக்கத்துப் பொத்தானில் பட்டிருக்கிறது. "வக்கீலம்மாவைக் கூப்பிட்டு ஒரு மனுவில் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ரெண்டு மணிக்கு ஐயா உட்கார்ந்ததும் முதல்ல வைக்கிறேன். இதுக்கெல்லாம் வாய்தா கிடையாது. சாயங்காலத்துக்குள்ள புது நகல் கையில இருக்கும்."

"அப்போ நான் இன்னிக்கு மத்தியானம் ஸ்கூலுக்குப் போக வேண்டாமா?" என்றாள் குழந்தை.

"வேண்டாம்" என்றார் பெஞ்ச் கிளார்க். "கோர்ட்டு உத்தரவு."

குழந்தைக்கு அதைவிடப் பிடித்த உத்தரவு வேறெதுவும் அந்தக் கட்டிடத்தில் இல்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வக்கீலம்மா எந்த மாடியில் இருக்கிறாள் என்று தேடப் படியிறங்கினாள்.